புதிய பம்ப் வரட்டும் என்று காத்திருக்கலாமா?

வாசகர் கேள்வி - பதில்
(பதில் சொல்பவர்: கடலூர் மஞ்சக்குப்பத்தைச் சேர்ந்த நீரிழிவுப் பயிற்றுநர். பள்ளி வயதிலிருந்தே டைப் 1 சர்க்கரையோடு, அதாவது கணையம் இன்சுலின் சுரக்காமல் போகும் வகையோடு, வாழ்பவர்.)

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இன்சுலின் பம்ப் பற்றித்தான். ஊசிக்குப் பதிலாக உடம்பில் மாட்டிக்கொண்டு, தோலுக்கடியில் இன்சுலின் செலுத்தும் சின்னக் கருவி அது. “தானாகவே வேலை செய்யுமாமே”, “டியூபே இல்லாமல் ஒன்று வருதாமே”, “கொஞ்சம் பொறுத்தால் நல்லது கிடைக்குமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு, இந்த முறை இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

“என் மகனுக்கு ஒன்பது வயது. இரண்டு வருடமாக டைப் 1. தினமும் நாலு ஊசி. அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன், ‘இப்ப வாங்காதே, சாப்பாட்டுக் கணக்கே போட வேண்டாத பம்ப் வரப்போகுது, பொறு’ என்கிறார். வீட்டுக்காரரோ நகையை வைத்தாவது இப்போதே வாங்கிவிடலாம் என்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது?”
*- ஒரு தாய், திருப்பாதிரிப்புலியூர்*

அம்மா, இரண்டு பேருமே பிள்ளை மேல் உள்ள பாசத்தில்தான் பேசுகிறார்கள். இன்றைக்கு என்ன கிடைக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம் நாட்டில் கிடைக்கும் தானியங்கி பம்புகளில் அதிகம் பேசப்படுவது மெட்ரானிக் கம்பெனியின் மினிமெட் 780ஜி. உடம்பில் ஒட்டியிருக்கும் சென்சார் சுகரைப் பார்த்து பம்புக்கு அனுப்பும். பம்ப் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கணக்குப் போட்டு, சுகர் ஏறினால் இன்சுலினைக் கூட்டும், இறங்கினால் குறைக்கும், தேவைப்பட்டால் அடியோடு நிறுத்தும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து தூங்குகிற பிள்ளையின் விரலைக் குத்திப் பார்க்கிற உங்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் சாப்பிடுவதற்கு முன்னால் தட்டில் எத்தனை கிராம் மாவுச்சத்து இருக்கிறது என்று நீங்கள்தான் அதற்குச் சொல்ல வேண்டும். அந்த வேலை இன்னும் மனிதர் கையில்தான் இருக்கிறது.

கிராம் கணக்குக் கேட்காத பம்பும் அமெரிக்காவில் வந்துவிட்டது. ஐலெட் என்று பெயர். 2023 மே மாதம் அங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. உடல் எடையை மட்டும் கொடுத்துத் தொடங்கலாம். சாப்பிடும்போது ‘வழக்கம்போல்’, ‘வழக்கத்தைவிட அதிகம்’, ‘குறைவு’ என்று தட்டினால் போதும். அதை உருவாக்கிய எட்வர்ட் டாமியானோ பாஸ்டனில் பொறியியல் பேராசிரியர். அவருடைய மகனுக்குக் கைக்குழந்தையிலேயே டைப் 1 வந்தது. அந்தக் கவலைதான் அவரை இதில் இறக்கியது. அதன் பெரிய ஆய்வில் 13 வாரத்தில் சராசரி எச்பிஏ1சி (இரண்டு, மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 7.9-லிருந்து 7.3-க்கு இறங்கியது. நல்ல பலன்தான். ஆனால் ஏற்கெனவே 7-க்குள் வைத்திருந்தவர்களுக்கு அதனால் பெரிதாக ஒன்றும் குறையவில்லை. கணக்குப் போட்டு ஒழுங்காக ஊசி போடுகிற வீட்டை அந்த இயந்திரம் இன்னும் முந்தவில்லை என்று அதற்கு அர்த்தம்.

ஏன் முந்த முடியவில்லை என்பதைக் கொஞ்சம் விளக்குகிறேன். நம் கணையம் சுரக்கும் இன்சுலின் நேரே கல்லீரலுக்குப் போகும் ரத்தக் குழாயில் இறங்குகிறது. சில நிமிடங்களில் வேலை ஆரம்பித்து, சீக்கிரமே தீர்ந்துவிடும். பம்ப் கொடுப்பதோ தோலுக்கடியில். வேகமான இன்சுலின் என்று நாம் சொல்வதுகூட வேலை தொடங்கவே பத்து, இருபது நிமிடம் எடுக்கும். ஒன்று, இரண்டு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று முதல் ஐந்து மணி நேரம் வரை உடம்பில் நிற்கும். அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சூடு போவதில்லை இல்லையா, அப்படித்தான். பம்ப் நிறுத்திவிட்டாலும் உள்ளே போன மருந்து வேலை செய்துகொண்டே இருக்கும். சென்சாரும் ரத்தத்தில் அளப்பதில்லை. தோலுக்கடியில் உள்ள நீரில் அளக்கிறது, அதனால் சில நிமிடம் பின்தங்கித்தான் காட்டும். பையன் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டான் என்று இயந்திரம் தானாகக் கண்டுபிடிப்பதற்குள் சுகர் ஏறியிருக்கும். அதைத் துரத்திப் பிடிக்க அள்ளிக் கொடுத்தால் பிறகு லோ ஆகும், அதாவது சுகர் அபாயமாக இறங்கிவிடும். கணினி எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் மருந்தின் வேகத்தைத் தாண்ட முடியாது. இன்னும் வேகமான இன்சுலினுக்கும், முழுத் தானியங்கி பம்புக்கும் ஆராய்ச்சி நடக்கிறது. நிச்சயம் வரும் என்று நம்புகிறேன். எந்த வருடம் என்று யாராவது தேதி சொன்னால் மட்டும் நம்பாதீர்கள்.

அதனால் காத்திருப்பதில் தப்பில்லை அம்மா. காத்திருக்கிற காலத்தில் சுகர் எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி. 1993-ல் வெளிவந்த டி.சி.சி.டி. என்ற பெரிய ஆய்வு, டைப் 1 உள்ளவர்கள் சுகரை இறுக்கமாக வைத்திருந்தால் கண் பாதிப்பு வரும் அபாயம் 76 சதவீதமும் நரம்பு பாதிப்பு 60 சதவீதமும் குறையும் என்று காட்டியது. அந்த ஆய்வில் இருந்தவர்களிடம் இன்றைய சென்சார் கிடையாது. இறுக்கமாக வைத்திருந்தவர்கள் தினமும் மூன்றோ அதற்கு மேலோ ஊசி போட்டார்கள், அல்லது பழைய பம்ப் வைத்திருந்தார்கள். விரலைக் குத்தித்தான் பார்த்தார்கள். எனக்கு டைப் 1 வந்தபோது வீட்டில் குளுக்கோமீட்டரே இல்லை. கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைத்து ஊசி போடுவார்கள். சிறுநீரில் சர்க்கரை இருந்தால் நிறம் மாறும் பெனடிக்ட் கரைசலோடு அதைச் சோதனைக்குழாயில் காய்ச்சி, நீலமா, பச்சையா, செங்கல் நிறமா என்று அப்பா வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அதை ஒரு நோட்டில் எழுதி வைப்பார். அவரிடம் இருந்த கருவி அவ்வளவுதான். அதை ஒரு நாளும் விடாமல் செய்தார். என் கண் இன்று நன்றாக இருக்கிறது என்றால் அதில் அந்த நோட்டுக்குப் பங்கு உண்டு.

இனி பண விஷயம். நகையை அடகு வைப்பதற்கு முன்னால் பம்பின் விலையைக் கேட்காதீர்கள், மாதச் செலவைக் கேளுங்கள். உடம்பில் குத்தும் இன்ஃப்யூஷன் செட்டை வழக்கமாக மூன்று நாளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், மாதத்துக்குப் பத்து ஆகும். ஏழு நாள் தாங்கும் சென்சார் என்றால் மாதம் நாலைந்து. இதற்கு மேல் மருந்து நிரப்பும் குப்பி, இன்சுலின், ஸ்ட்ரிப். பம்புக்குப் பொதுவாக நாலு வருடம் உத்தரவாதம் தருகிறார்கள். எனவே நாலு வருடத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுக் காகிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். கடன் வாங்கி பம்ப் வாங்கிவிட்டு, மாதச் சாமானுக்குப் பணமில்லாமல் அதைப் பீரோவில் வைத்திருக்கும் வீடுகளை எனக்குத் தெரியும். மூன்று நாள் செட்டை ஆறு நாள் இழுத்து, குத்திய இடம் சீழ் பிடித்து வரும் பிள்ளைகளையும் பார்க்கிறேன். பெற்றோரை நான் குறை சொல்லமாட்டேன். எனக்குக் கோபம் எல்லாம் இந்தச் செலவைக் குடும்பத்தின் தலையில் மட்டும் கட்டியிருப்பதன் மேல்தான். இங்கிலாந்தில் 2023 டிசம்பரில் இந்தத் தானியங்கி பம்பை அரசு மருத்துவத்தில் கொடுக்கலாம் என்று முடிவெடுத்து, 2024 ஏப்ரலிலிருந்து ஐந்து வருடத் திட்டமாகக் கொடுத்துவருகிறார்கள். நம் அரசு ஆஸ்பத்திரிகளில் இன்சுலின் இலவசமாகக் கிடைக்கிறது, அது பெரிய விஷயம். அடுத்ததாக டைப் 1 பிள்ளைகளுக்கு ஸ்ட்ரிப்பும் சென்சாரும் கிடைக்க வேண்டும். பம்ப் அதற்குப் பிறகு வரட்டும். இதை ஒவ்வொரு தாயும் கேட்க வேண்டும், நீங்களும் கேளுங்கள்.

உங்கள் வீட்டுக்கு என் யோசனை இதுதான்: நகையைத் தொடாதீர்கள். முடிந்த மாதங்களில் ஒரு சென்சார் போடுங்கள். ஃப்ரீஸ்டைல் லிப்ரே போன்றது 14 நாள் இருக்கும். எந்த வேளைக்குச் சுகர் எகிறுகிறது, ராத்திரி எப்போது இறங்குகிறது என்று தெரிந்துவிடும். அதைக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டி ஊசி அளவைச் சரிசெய்யுங்கள். மாவுச்சத்துக் கணக்கை இப்போதே பழகுங்கள், பையனுக்கும் பழக்குங்கள். நாளைக்கு எந்த பம்ப் வந்தாலும் இந்தப் பழக்கம் வீண் போகாது. புதுச்சேரிக்குப் போய்வர முடியும் என்றால் ஜிப்மரில் நாளமில்லாச் சுரப்பி நோய்களுக்குத் தனித் துறை இருக்கிறது. ஒரு முறை காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

“பலா சீசனில் என் மகளைக் கட்டுப்படுத்தவே முடிவதில்லை. பம்ப் போட்டுவிட்டால் பலாச்சுளை சாப்பிடலாமா?”
*- ஒரு தந்தை, பண்ருட்டி*

பண்ருட்டியில் பிறந்த பிள்ளையிடம் பலாப்பழம் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். பம்ப் இல்லாமலும் சாப்பிடலாம். அடுக்களைத் தராசு ஒன்று வாங்குங்கள். கொட்டை நீக்கிய சுளை 100 கிராமில் ஏறக்குறைய 23 கிராம் மாவுச்சத்து இருக்கும். எத்தனை சுளை என்று எண்ணாதீர்கள், நம் ஊரில் ஒரு சுளைக்கும் இன்னொரு சுளைக்கும் அளவு எங்கேயோ இருக்கும். எடை போட்டு, அதற்கான இன்சுலினைச் சாப்பிடுவதற்குப் பத்து, பதினைந்து நிமிடம் முன்னால் கொடுங்கள். ஊசியானாலும் பம்பானாலும் இதே விதிதான். சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிடச் சொல்லுங்கள், சாயந்திரம் தனியாக வேண்டாம். முந்திரி வேறு மாதிரி. அதில் கொழுப்பு அதிகம், சுகர் மெதுவாகத்தான் ஏறும். ஒரு பிடி முந்திரிக்காக வீட்டில் சண்டை போடாதீர்கள்.

“இணையத்தில் பார்த்து, பழைய பம்பையும் செல்போனையும் இணைத்து நாமே தானியங்கி பம்ப் செய்துகொள்ளலாம் என்கிறார்கள். நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறேன். செய்யட்டுமா?”
*- ஒரு கல்லூரி மாணவர், காலாப்பட்டு*

தம்பி, இந்த வழியைக் கண்டுபிடித்தவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. கம்பெனிகள் கொண்டுவரும் வரை பொறுக்க மாட்டோம் என்று நோயாளிகளே இறங்கிச் செய்த வேலை இது. டானா லூயிஸ் என்ற டைப் 1 பெண், தன் சென்சார் அலாரம் தூக்கத்தில் காதில் விழவில்லை என்று ஆரம்பித்து, தானே தானியங்கி முறை ஒன்றைச் செய்து, 2015-ல் அதை ஓபன்ஏபிஎஸ் என்ற பெயரில் எல்லாருக்கும் பொதுவில் கொடுத்தார். இந்தத் திறந்தநிலை முறையை நியூசிலாந்தில் முறைப்படி சோதித்து 2022-ல் வெளியிட்டார்கள். சுகர் 70 முதல் 180-க்குள் இருந்த நேரம் 61 சதவீதத்திலிருந்து 71 ஆக உயர்ந்தது. இதே வழியில் வந்த டைட்பூல் லூப் என்ற செயலிக்கு 2023 ஜனவரியில் எஃப்.டி.ஏ. அனுமதியே கிடைத்தது. விளையாட்டு வேலை இல்லை இது.

ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்களுக்குப் புது பம்ப், மருத்துவர் குழு, கூப்பிட்டால் பேச ஆள் எல்லாம் இருந்தது. உன்னிடம் இருக்கப்போவது யாரோ விற்கிற பழைய பம்ப். அனுமதியில்லாத கருவிகளை இணைத்து ஒருவருக்கு இன்சுலின் அளவு மிஞ்சிப்போனதால் 2019 மே மாதம் எஃப்.டி.ஏ. எச்சரிக்கை விட்டது. ஹாஸ்டல் அறையில் ராத்திரி தனியாக லோ ஆனால் உன்னை யார் எழுப்புவார்கள்? இதை ஒத்துக்கொண்டு கூடவே நிற்கிற டாக்டரும், உத்தரவாதம் உள்ள பம்பும், உன் அறைத்தோழனுக்கு லோ சுகர் பற்றிய பயிற்சியும் கிடைத்த பிறகு என்னிடம் கேள், மறுக்கமாட்டேன். அது வரைக்கும் அந்த நிரலைப் படி. அதில் இன்சுலின் எவ்வளவு நேரம் உடம்பில் நிற்கிறது என்று போட்டிருக்கும் கணக்கு உன் ஊசிக்கும் உதவும்.

“ஃபெஞ்சல் புயலில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது, கரண்டும் இல்லை. பம்ப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பயமாக இருக்கிறது.”
*- ஒரு குடும்பத் தலைவி, ரெயின்போ நகர், புதுச்சேரி*

2024 நவம்பர் 30 ராத்திரி கரையைக் கடந்த ஃபெஞ்சல் ஒரே நாளில் புதுச்சேரியில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அதற்கு முன் 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் எங்கள் கடலூரைப் புரட்டிப்போட்டது. நம் கடற்கரையில் பம்ப் வாங்குகிற யாரும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் வாங்கக்கூடாது.

கரண்ட் இல்லாவிட்டாலும் 780ஜி ஓடும். அது கடையில் கிடைக்கும் ஏஏ பேட்டரி ஒன்றில் வேலை செய்கிறது. டியூபுக்குப் பதிலாக நேரே உடம்பில் ஒட்டும் ஆம்னிபாட் வகையில் பேட்டரி உள்ளேயே இருக்கும், மூன்று நாளில் முழுவதையும் தூக்கிப் போடுவார்கள். எனவே பயப்பட வேண்டியது கரண்டுக்கு இல்லை. பம்பில் இருப்பது வேகமான இன்சுலின் மட்டும்தான், நாள் முழுக்க நிற்கும் நீண்ட நேர இன்சுலின் உடம்பில் இருக்காது. பம்ப் பழுதானாலோ, தோலுக்குள் இருக்கும் மெல்லிய குழாயான கேனுலா மடங்கினாலோ, சில மணி நேரத்தில் உடம்பில் இன்சுலினே இல்லாமல் போய், ரத்தத்தைப் புளிக்க வைக்கும் கீட்டோன் என்ற அமிலம் ஏற ஆரம்பிக்கும். வாந்தி வரும், மூச்சு வாங்கும், ஆஸ்பத்திரிக்குப் போக ரோடு இருக்காது. அதனால் பம்ப் வைத்திருப்பவர் வீட்டில் எப்போதும் நீண்ட நேர இன்சுலின் ஒன்று, வேகமான இன்சுலின் பேனா ஒன்று, ஊசிகள், கீட்டோன் ஸ்ட்ரிப், குளுக்கோமீட்டர் இருந்தே ஆக வேண்டும். பம்பில் உள்ள அளவுகளையும், பம்ப் நின்றால் எத்தனை யூனிட் நீண்ட நேர இன்சுலின் போட வேண்டும் என்பதையும் டாக்டரிடம் கேட்டு ஒரு காகிதத்தில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். செல்போனில் மட்டும் வைத்தால் சார்ஜ் போனதும் அதுவும் போய்விடும்.

ஃபிரிட்ஜ் ஓடாவிட்டால் மண்பானை போதும். பெரிய பானையில் மணல் போட்டு நனைத்து, அதற்குள் சின்னப் பானை, அதற்குள் மூடிய டப்பாவில் இன்சுலின். தானே புயலுக்குப் பிறகு எங்கள் வீட்டில் இப்படித்தான் வைத்திருந்தோம். ஐஸ் மேல் நேராக வைக்காதீர்கள். உறைந்த இன்சுலினைப் பயன்படுத்தக்கூடாது, உருகிய பிறகும்கூட.

“எனக்கு 61 வயது. டைப் 2. இரண்டு மாத்திரை, ராத்திரி ஓர் ஊசி. பம்ப் வைத்துக்கொண்டால் மாத்திரையை விட்டுவிடலாமா?”
*- ஓய்வுபெற்ற தொழிலாளி, நெய்வேலி*

வேண்டாம் ஐயா, உங்களுக்குப் பம்ப் தேவைப்படவில்லை. தினமும் பல வேளை ஊசி போட்டும் சுகர் அடங்காத டைப் 2 காரர்களுக்குச் சில நாடுகளில் கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் 2024 ஆகஸ்டில் ஆம்னிபாட் 5-க்கு அப்படி அனுமதி கிடைத்தது. நீங்கள் அந்த நிலையில் இல்லை. மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். நம் பகுதியில் இந்த நோய் எவ்வளவு என்று தெரியுமா? 2023-ல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வில் புதுச்சேரியில் பெரியவர்களில் 26.3 சதவீதம் பேருக்குச் சர்க்கரை. நாட்டிலேயே கோவாவுக்கு அடுத்த இடம். வருடம் ஒரு முறை கண், சிறுநீர், பாதம் மூன்றையும் சோதித்துக்கொள்ளுங்கள்.

“கல்யாணப் பேச்சு நடக்கிறது. எனக்கு டைப் 1 என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்ல வேண்டாம் என்கிறார் அம்மா. பம்ப் போட்டால் வெளியே தெரிந்துவிடுமே என்று அதையும் தள்ளிப்போடுகிறோம்.”
*- 24 வயதுப் பெண், லாஸ்பேட்டை*

தங்கச்சி, சொல்லிவிட்டுத்தான் கல்யாணம் செய். மறைத்து வைத்தால் புகுந்த வீட்டில் பாத்ரூமில் ஒளிந்து ஊசி போட வேண்டிவரும், வேளை தப்பும். லோ ஆகும்போது பக்கத்தில் இருப்பவருக்கு என்ன செய்வதென்றே தெரியாது. இதைக் கேட்டுப் பின்வாங்குகிறவர் உனக்கு வேண்டாம்.

உன்னைப் போன்றவர்களுக்குத்தான் இந்தப் புதிய தொழில்நுட்பம் அதிகம் உதவும் என்பது என் எண்ணம். கர்ப்பத்தில் டைப் 1 பெண்களுக்குத் தானியங்கி பம்பைக் கொடுத்துப் பிரிட்டனில் செய்த ஆய்வு 2023-ல் வந்தது. சுகர் சரியான அளவில் இருந்த நேரம் வழக்கமான சிகிச்சையில் 56 சதவீதம், அந்த பம்பில் 68 சதவீதம். ஒரு நாளில் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் கூடுதல். குழந்தைக்குத் திட்டமிடும் முன் எச்பிஏ1சி 6.5-க்குள் வருவது நல்லது. எந்தக் கருவி உனக்குப் பொருந்தும் என்று மகப்பேறு மருத்துவரும் சர்க்கரை மருத்துவரும் சேர்ந்து சொல்லட்டும். கர்ப்பம் தரித்த பிறகு ஓடாதே, முன்னாலேயே போ.

“ஸ்டெம்செல் சிகிச்சை வந்துவிட்டால் பம்பே வேண்டாமாமே?”
*- ஒரு வாசகர், சிதம்பரம்*

ஸ்டெம்செல்லிலிருந்து இன்சுலின் சுரக்கும் செல்களை வளர்த்து உடம்பில் செலுத்தும் வெர்டெக்ஸ் கம்பெனியின் ஆய்வில் முழு அளவு செல்கள் பெற்ற 12 பேரில் 10 பேர் ஒரு வருடம் கழித்து இன்சுலின் இல்லாமல் இருந்தார்கள் என்று 2025-ல் செய்தி வந்தது. படித்தபோது கண் கலங்கியது. ஆனால் அவர்கள் எல்லாரும் அடிக்கடி கடுமையான லோவுக்குப் போனவர்கள். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தை விடாமல் சாப்பிட வேண்டும், பிள்ளைகளுக்கு அது லேசில்லை. இதை வைத்து, “ஸ்டெம்செல் போட்டு டைப் 1-ஐக் குணமாக்குகிறோம்” என்று விளம்பரம் செய்பவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அவர்கள் பேச்சைக் கேட்டு இன்சுலினை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

“எனக்கு அடுத்த மாசம் பம்ப் போடப் போறாங்க. கபடி ஆடலாமா? கடல்ல குளிக்கலாமா?”
*- ஆறாம் வகுப்பு மாணவன், தேவனாம்பட்டினம்*

ரெண்டுமே செய்யலாம் கண்ணு. கபடிக்குப் போகும்முன் பம்பைக் கழற்றி வைத்துவிடு, பிடிக்கிற பிடியில் உடைந்துவிடும். அதற்கு ஒன்று, ரெண்டு மணி நேரம் முன்னாலேயே பம்பில் விளையாட்டுக்கான அளவைப் போட்டுவிடச் சொல்லி அம்மாவிடம் ஞாபகப்படுத்து, அப்போதுதான் ஆட்டத்தின் நடுவில் லோ ஆகாது. பையில் குளுக்கோஸ் பொடி இருக்கட்டும். எதற்கு என்று பி.டி. சாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சில்வர் பீச்சில் குளிக்கும்போதும் கழற்றிவிடு. உப்புத் தண்ணியும் மணலும் பம்புக்கு ஆகாது. கழற்றினதை வெயிலில் மணல் மேல் வைக்காதே, உள்ளே இருக்கிற இன்சுலின் கெட்டுவிடும். துணியில் சுற்றி நிழலில் உட்கார்ந்திருக்கும் பெரியவங்க கையில் கொடு. ஒரு மணி நேரத்துக்குள் கரைக்கு வந்து, ஒட்டின இடத்தைத் துடைத்துப் பார்த்து, மறுபடி மாட்டி, சுகர் எவ்வளவு என்று பார். பிளாஸ்டர் உரிந்திருந்தால் புதுசு குத்த வேண்டும். அதனால் கடலுக்குப் போகும்போது ஒரு செட் கூடுதலாக எடுத்துக்கொள்.